கம்பியில்லா இணைப்பியும் அத்தையின் ஞாயிறும்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று அன்பர்கள் கேட்டபோது, இலக்கியம் பற்றி எழுதலாமா, எங்கள் சித்தூர்ப் பக்கத்துக் கோயில்களைப் பற்றி எழுதலாமா என்று சில நாள் யோசித்தோம். இறுதியில் மனம் வந்து நின்றதோ, கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிய ஒரு கருவியின்மேல். 2024ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பின் பதினேழு நாள் எங்கள் வீட்டை ஆட்டிப்படைத்த கருவி அது. கடைக்காரர்கள் அதனை ‘வைஃபை டாங்கிள்’ என்கிறார்கள். கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகினால் கம்பியில்லாமல் இணையத்தைப் பற்றித் தரவேண்டிய இணைப்பி. கடல் கடந்த உறவு இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று அரிது. ஆகவே இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று என்ற துணிவில் எழுதுகின்றோம்.

முதலில் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தந்தையாருக்கு மூத்தவர் அவர். 1934இல் பிறந்தார், தந்தையார் பிறந்தது 1938இல். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது எங்கள் சித்தூர் மாவட்டம் அதனோடு போயிற்று. அடுத்த ஆண்டு அத்தை மணமுடித்து மலாயாவுக்குப் போனார். சென்னைத் துறைமுகத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி, நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு கண்டு, அந்நாளில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் எனப்பட்ட இன்றைய கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினாராம். கையசைத்து நின்ற தம்பிக்கு அப்போது வயது பதினாறு. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது, சித்தூர் வரவில்லை. எல்லைகள் இவ்வாறு இடம் பெயர்ந்துகொண்டிருந்ததை அத்தை அறிந்தாரோ இல்லையோ, அவர் எழுதிய நீலநிற விமான அஞ்சல் தாள்களில் ‘சித்தூர், சென்னை ராஜ்யம்’ என்ற முகவரியே பல்லாண்டு நீடித்தது. தபால்காரர்கள் அதனைப் பொருட்படுத்தாமல் கொண்டுவந்து சேர்த்தார்கள். இடையே ஒரே ஒரு முறை, 1984இல், ஊருக்கு வந்து நாற்பது நாள் தங்கிப் போனார். அவ்வளவே.

பிறகு தொலைபேசி வந்தது. இருவர் காதும் மந்தமாயின. பேசுவது ஒருவருக்கொருவர் விளங்காமல், ‘ஆங், ஆங்’ என்று இரு கரையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரையில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தபோதுதான் அவர்கள் மீண்டும் அக்காளும் தம்பியுமானார்கள் என்று சொல்ல வேண்டும். உதடும் கையும் பேசின. பெருந்தொற்று நாட்களில் எங்கள் மகன் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கத் தொடங்கி, மாடியறைக்கு ஃபைபர் இணைப்பும் வாங்கிவைத்தான். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு, கிள்ளானில் ஏழரை மணிக்கு, அவனுடைய மடிக்கணினி கீழே வரும், தந்தையாரின் கட்டிலுக்கு எதிரே அமரும், அத்தை தோன்றுவார். நான்கு ஆண்டு இப்படியே நடந்தது.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. தந்தையாருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. நேரே பார்த்தால் நடுவில் ஒரு புகைமூட்டம். முகத்தைச் சற்றே திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தால்தான் உருவம் தெரியும். கைத்தொலைபேசித் திரை அவருக்கு வெறும் வெளிச்சம். பெரிய திரை வேண்டும். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியோ பழைய பெட்டி. ஆகவே, தீபாவளி முடிந்ததும் மகனைப் பூனா அலுவலகத்தார் அழைத்துக்கொண்டு, மடிக்கணினியும் அவனோடு போனபோது, எஞ்சியது 2011இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்றே. அதன் திரை இருபத்திரண்டு அங்குலம். மற்றபடி அதற்கு வயதாகிவிட்டது. அதில் இருந்த விண்டோஸ் 7க்கு நிறுவனத்தாரின் பாதுகாப்பு 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நின்றுபோனதால், மகன் 2022இல் லினக்ஸ் இனத்தைச் சேர்ந்த உபுண்டுவை அதில் ஏற்றி, தமிழ் விசைப்பலகையும் அமைத்துக் கொடுத்திருந்தான். அத்தையின் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து நாங்கள் அதில் தட்டச்சு செய்து சேர்த்து வந்தோம். இணையம் அதற்குத் தேவைப்படவில்லை, கொடுக்கவும் இல்லை.

இப்போது தேவைப்பட்டது. இணையமோ மாடியறையில் இருந்தது. கணினியோ கீழே தந்தையாரின் அறையில். அவரால் படியேற இயலாது. ஃபைபர் கம்பியைக் கீழே நீட்டித் தருவதாகச் சொன்ன ஆள் மூன்று முறை ‘நாளைக்கு வருகிறேன்’ என்றார். நாங்களே மாடியிலிருந்து சன்னல் வழியாக ஒரு கம்பியை இறக்கினோம்; எங்கள் தெருக் குரங்குகளுக்கு அது கொடியாகத் தெரிந்தது போலும், மறுநாளே அறுத்துவிட்டன. சுவரைத் துளைத்துக் கொண்டுவரத் தந்தையார் இசையவில்லை. அது அவர் தந்தை சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். ஆகக் கம்பியில்லா இணைப்பி ஒன்றே வழி என்று முடிவாயிற்று. முதல் ஞாயிறு இந்த முடிவுக்கு வருவதற்குள் கழிந்துபோனது.

தந்தையாரைக் கண் மருத்துவத்திற்குத் திருப்பதிக்கு அழைத்துச் சென்ற நாளில், காந்தி வீதியில் ஒரு கடையில் அதனை வாங்கினோம். திருப்பதிக் கடைக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. மலையேற வருவோரில் பாதிப்பேர் நம்மவர் அன்றோ. “லினக்ஸில் வேலை செய்யுமா?” என்று கேட்டோம். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் தெரியாது சார். சொருகினா போதும், தானா எடுத்துக்கும்” என்றார். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் வேகம் போட்டிருந்தது. உள்ளே இருக்கும் சில்லு எவ்வகை என்று மட்டும் எங்கும் இல்லை. வாங்குவோர் அறிய வேண்டியது அது ஒன்றுதான் என்பதைப் பிற்பாடு அறிந்தோம். ஒரே பெயரும் ஒரே உறையும் கொண்ட இணைப்பியில் இவ்வாண்டு ஒரு சில்லும் மறு ஆண்டு வேறொரு சில்லும் இருப்பது இவ்வணிகத்தில் வழக்கமாம். விண்டோஸ் பயன்படுத்துவோர்க்கு அதனால் இடரில்லை, இயக்கி கூடவே வந்துவிடுகிறது. நம் போன்றோர்க்குத்தான் உறை ஒன்றும் சொல்வதில்லை.

ஊர் திரும்பும் பேருந்தில் தந்தையார் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். திருப்பதியிலிருந்து சித்தூர் எழுபது கிலோமீட்டர். அவ்வழிப் பக்கத்துக் காதங்கியில் வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருக்கின்றது. நூற்று முப்பது மீட்டருக்கு நூற்று முப்பது மீட்டர் பரப்பில் 1024 அலைவாங்கிகளை நட்டு, 53 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையை வானத்தை நோக்கி எறிந்து, பல பத்துக் கிலோமீட்டர் உயரத்துக் காற்றின் அசைவை அளக்கிறார்கள். தொடக்கத்தில் அதன் உச்ச ஆற்றல் இரண்டரை மெகாவாட்டாக இருந்தது. தந்தையார் மடியில் இருந்ததும் அதே குலத்துப் பிள்ளைதான். அலைநீளம் அங்கே ஐந்தரை மீட்டருக்கு மேல், இங்கே பன்னிரண்டு சென்டிமீட்டர். ஆற்றலோ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே. அது ஒன்றரை அடிச் சுவரைக் கடந்து மாடிக்குப் போய்வர வேண்டும். ‘முடியுமா?’ என்று தந்தையார் கேட்டார். முடியும் என்றோம், அறியாமையால்.

வீட்டுக்கு வந்து செருகினோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதும் பிழை. திரையில் குறுந்தகட்டின் படம் ஒன்று தோன்றியது. எங்கள் கணினியில் குறுந்தகட்டுப் பெட்டியே பழுதாகிப் பல்லாண்டு ஆயிற்று. அதனைத் திறந்து பார்த்தால் விண்டோஸுக்கு உரிய கோப்புகள் சில கிடந்தன. கழற்றினோம், மாட்டினோம், முன்துளை பின்துளை எல்லாம் பார்த்தோம். கணினியை அணைத்து எழுப்பினோம். அருகில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொன்னார்கள். இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தந்தையார் வேட்டி மாற்றிக்கொண்டு நாற்காலியில் வந்து அமர்ந்திருந்தார். ஐந்தரைக்கு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அத்தையின் மகள் எங்கள் கைத்தொலைபேசியில் அழைத்து, “அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க, மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்றாள். தொலைபேசியைக் கொடுத்தோம். அவர் அதனைக் காதில் வைத்து, ‘ஆங், ஆங்’ என்றார்.

அந்த வாரத்தின் புதன்கிழமை அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சர்க்கரை அளவு கட்டுக்கு வந்தபின் அறுவை என்று மருத்துவர்கள் சொல்லி, 19ஆம் நாள் செவ்வாய்க்கிழமையைக் குறித்தார்கள். தொண்ணூறு வயது. மயக்க மருந்து தாங்குமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. “ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரியிலிருந்தே போன் போடுறேன். எப்படியாவது மாமாவ உட்கார வச்சிடுங்க” என்று அவள் சொன்னபோது, மறுமொழி சொல்லும் தகுதி எங்களுக்கு இருக்கவில்லை. மருத்துவமனைத் திரையில் அக்காள் தோன்ற, இங்கே தம்பி கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பார்த்துத் தலையாட்டுவதா?

வெள்ளிக்கிழமை இரவு, திருப்பதியில் பொறியியல் படிக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளை ஊருக்கு வந்திருந்தான். வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசி வளர்ந்த பிள்ளை. இரண்டையும் கலந்தே பேசுவான். கணினியின் கருப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளையிட்டு, செருகப்பட்ட கருவிகளின் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “மாமா, இது தன்னை வைஃபைன்னே சொல்லலை. சிடின்னு சொல்லிக்கிட்டு நிக்குது.”

அவன் விளக்கியதை எங்களுக்கு விளங்கிய அளவில் சொல்கின்றோம். ஒவ்வொரு யு.எஸ்.பி. கருவியும் செருகியவுடன் தன் குலமும் பெயருமாக இரண்டு எண்களைச் சொல்லும். எங்கள் இணைப்பி சொன்ன இரண்டாம் எண் ‘1ஏ2பி’. அது வானொலிக் கருவியின் எண் அன்று, தகட்டின் எண். விண்டோஸ் கணினிக்கு இயக்கி மென்பொருளைத் தன் வயிற்றிலேயே சுமந்துவரும்படி அதனைச் செய்திருக்கிறார்கள். முதலில் தகடாக வேடம் போட்டு, இயக்கியை இறக்கி வைத்துவிட்டு, பிறகு வேடம் கலைந்து வானொலியாகும். லினக்ஸில் அந்த விண்டோஸ் இயக்கியை ஏற்பவர் எவரும் இல்லை. ஆகவே வேடம் கலையாமலே நின்றுகொண்டிருந்தது. முகூர்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளை வாசலில் நின்று, தான் புரோகிதரின் பை தூக்கி வந்தவன் என்று சொல்லிக்கொண்டிருந்தால் பெண்வீட்டார் என்ன செய்வார்கள்? பத்து நாளாக அவரைத் திண்ணையில் உட்கார வைத்திருந்தோம்.

மருந்து எளிது. தகட்டை வெளியே தள்ளுவதற்குரிய கட்டளையைக் கொடுத்தால் போதும். திரையில் அந்தத் தகட்டின் படத்தின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, வெளியேற்றும்படி சொன்னான். படம் மறைந்தது. மீண்டும் பட்டியலைப் பார்த்தால் எண் மாறியிருந்தது: ‘சி811’. வேடம் கலைந்தது.

ஆனால் இணையம் வரவில்லை. இப்போது கருவி தன்னை வானொலி என்று ஒப்புக்கொண்டது; அதனோடு பேசத் தெரிந்த இயக்கி எங்கள் கணினியில் இல்லை. லினக்ஸின் நடுவே ‘கெர்னல்’ எனப்படும் கருநிரல் இருக்கின்றது. ஹெல்சிங்கி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது அதுதான். பெரும்பாலான கருவிகளுக்குரிய இயக்கிகள் அதற்குள்ளேயே அடங்கி வருவதால் தனித்தகடு வேண்டுவதில்லை. ஆயின் எங்களிடம் இருந்தது 5.15 என்னும் பதிப்பு. 2021 அக்டோபரில் வெளிவந்தது. எங்கள் சில்லின் இனத்துக்கு யு.எஸ்.பி. வழியில் இயக்கி வந்ததோ 2023 பிப்ரவரியில் வெளிவந்த 6.2 பதிப்பில். அதனை எழுதிக் கொடுத்தவர் சில்லு செய்த நிறுவனத்தார் அல்லர். ஜெர்மனியில் பெங்குட்ரோனிக்ஸ் என்னும் நிறுவனத்தில் பணிபுரியும் சாஷா ஹவர் என்னும் பொறியாளர். கணினிக்குள் பதிக்கும் அட்டைகளுக்காக முன்பே இருந்த நிரலை யு.எஸ்.பி.க்கும் பயன்படுமாறு அவர் விரித்துக் கொடுத்திருக்கிறார். முகம் அறியாத அவருக்குச் சித்தூரில் ஒரு கிழவர் கடன்பட்டிருப்பது தெரிந்திருக்க வழியில்லை.

இதற்குமுன் என்ன செய்தார்களாம் என்று கேட்டோம். ஒரு காலத்தில் விண்டோஸ் இயக்கியையே லினக்ஸின் மேல் போர்த்திப் பயன்படுத்தும் ‘என்டிஸ்ராப்பர்’ என்ற உபாயம் இருந்ததாம். பிறகு, ஆர்வலர் சிலர் வெளியிட்டுவைத்த மூலநிரலைத் தத்தம் கணினியிலேயே தொகுத்துச் சேர்த்துக்கொண்டார்களாம். இன்றும் அப்படிச் செய்யலாம். ஆனால் கருநிரல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அது உடைந்துபோகும் அச்சம் உண்டு. “நான் இல்லாத நேரத்தில ஒடைஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க மாமா? புது கெர்னலே போட்டுடலாம்” என்றான். இருபது வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு முன்யோசனை வாய்த்திருப்பது கண்டு வியந்தோம்.

புதிய கருநிரலை எங்கிருந்து பெறுவது? இணையத்திலிருந்து. இணையம் வேண்டுமானால்? புதிய கருநிரல் வேண்டும். கிணற்றுக் கயிறு கிணற்றுக்குள்ளேயே கிடப்பது போன்ற நிலை. அவன் தன் கைத்தொலைபேசியை எடுத்தான், அதனை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்து, ‘டெதரிங்’ என்னும் ஏற்பாட்டை இயக்கினான். தொலைபேசி மாடியின் அலையைப் பற்றிக் கம்பி வழியே கணினிக்கு ஊட்டியது.

அப்படியானால் தொலைபேசியையே இணைப்பியாக வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைக் கடத்தியிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்பார்கள். நாங்களும் கேட்டோம். எங்கள் இருவரிடமும் இருப்பதில் ஒன்று பொத்தான் தொலைபேசி. மற்றதன் மின்னேற்றத் துளை தேய்ந்து, கம்பி மூச்சுவிட்டாலும் கழன்றுவிடும். முயன்று பார்த்தோம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தது. பிள்ளைக்கோ திங்கட்கிழமை தேர்வு. ஞாயிறு நண்பகல் பேருந்துக்கு அவனும் அவன் தொலைபேசியும் போயாக வேண்டும்.

சனிக்கிழமை பகல் முழுவதும் பதிவிறக்கத்தில் போயிற்று. 2022இல் ஏற்றிய நாள்முதல் புதுப்பிக்காமல் கிடந்த கணினி, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பாக்கியை ஒரே நாளில் கேட்டது. மாலையில் 6.8 என்னும் கருநிரல் வந்து அமர்ந்தது. கணினியை மீண்டும் எழுப்பி, இணைப்பியைச் செருகி, தகட்டை வெளியே தள்ளினோம். இரண்டு நொடி. இணைப்பியின் முனையில் நீலப்புள்ளி ஒன்று மினுக்கியது. திரையின் மூலையில் அக்கம்பக்கத்து இணைப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. எதிர்வீட்டுக்காரர் தம் இணைப்புக்கு வெங்கடேசுவரப் பெருமாளின் பெயரையே வைத்திருப்பது அன்றுதான் தெரிந்தது. எங்கள் இணைப்பின் பெயர் அடியில், ஒற்றைக் கோட்டு வலிமையோடு இருந்தது.

ஒற்றைக் கோடு போதவில்லை. இணையும், அறும். இணைப்பி கணினிப் பெட்டியின் பின்புறம், சுவருக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்தது. அங்கிருந்து அதற்கு எதுவும் கேட்கவில்லை. ஒன்றரை மீட்டர் நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கி, இணைப்பியை அதன் முனையில் மாட்டி, சன்னல் கம்பியில் நூலால் கட்டினோம். திசைவியில் இரண்டு அலைவரிசைகள் இருந்தன, 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மெதுவானது, சுவருக்கு அவ்வளவாக அஞ்சாது. மெதுவானதைத் தேர்ந்தோம். கோடுகள் மூன்றாயின. பிள்ளை பூனாவிலிருந்த எங்கள் மகனை அழைத்துக் காட்டினான். தந்தையார் முகத்தைச் சற்றே திருப்பிப் பார்த்து, “அவன் இளைச்சிட்டான்” என்றார். திரை தெளிவாக இருக்கிறது என்பதற்கு அதற்குமேல் சான்று எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு நண்பகல் பிள்ளை திருப்பதிக்குப் பேருந்து ஏறினான். மாலை நாலேகாலுக்கு மின்சாரம் போயிற்று.

கணினிக்குரிய மின்கலப் பெட்டி எப்போதோ செத்துவிட்டது. திரை இருண்டது. தந்தையார் வேட்டி மாற்றிக்கொண்டு நாற்காலிக்கு வந்துவிட்டிருந்தார். நாங்கள் மின்வாரியத்தையும் வானத்தையும் மாறிமாறி நினைத்துக்கொண்டிருந்தோம். நாலு ஐம்பதுக்கு மின்சாரம் திரும்பியது. கணினியை எழுப்பினோம். மாடியிலே திசைவியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துவிட்டதை ஓடிப்போய்ப் பார்த்துவந்தோம். கீழே வந்தால், இணையம் இல்லை, நீலப்புள்ளி இல்லை, திரையில் குறுந்தகட்டின் படம்.

மின்சாரம் போய் வந்ததும் மாப்பிள்ளை மறுபடியும் பை தூக்கியாகிவிட்டார். வேடம் கலைவதை நிலைப்படுத்தும் ஏற்பாட்டைப் பிள்ளை செய்ய மறந்திருந்தான். நாங்களும் கேட்க அறியோம். அவனை அழைத்தோம், பேருந்து அலைகிடைக்காத இடத்தில் இருந்தது போலும், மணியே அடிக்கவில்லை. கைகள் நடுங்கின. இவ்வளவு வயதுக்குப்பின் ஒரு பொத்தானுக்கு நடுங்குவது வெட்கமாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு அவன் செய்ததை ஒருவர் சொல்ல ஒருவர் செய்தோம்: தகட்டின் படம், வலப்பொத்தான், வெளியேற்று. படம் மறைந்தது. எண்ணிக்கொண்டே காத்திருந்தோம். ஏழு என்று எண்ணியபோது நீலப்புள்ளி மினுக்கியது.

ஐந்து மணி ஆறு நிமிடத்துக்கு அழைப்பு வந்தது.

மருத்துவமனைத் தலையணையில் அத்தையின் முகம் திரை நிறையத் தெரிந்தது. மூக்கில் குழாய் இருந்தது. கண்ணாடி போட்டிருக்கவில்லை; மகள் எடுத்து மாட்டிவிட்டாள். சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஏண்டா, ரெண்டு வாரமா காணோம்?” என்று கேட்டார். உதட்டிலிருந்தே தந்தையாருக்கு அது விளங்கியது. “மழைக்கா” என்றார். இவ்வளவு பாடுகளையும் ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

“ஏன் மொகத்தத் திருப்பிக்கிற? கோவமா?”

நான்கு ஆண்டுகளாக ஓரக்கண்ணால் பார்த்துவருபவர்தான். அத்தை ஒவ்வொரு வாரமும் மறந்து ஒவ்வொரு வாரமும் இதே கேள்வியைக் கேட்பார். தந்தையார் ஒவ்வொரு முறையும் கண்ணைத் தொட்டுக் காட்டுவார். அன்றும் காட்டினார். அத்தை தம் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

பிறகு கட்டமஞ்சி ஏரி நிறைந்துவிட்டதா என்று அத்தை கேட்டார். ‘பாதி’ என்று கையால் அளவு காட்டினார் தந்தையார். ஏரிக்கரையில் யார் யாரோ இருந்த வீடுகளைப் பற்றிக் கேட்டார். பெரும்பாலும் எங்களுக்கே தெரியாத பெயர்கள். கப்பலேறிய அன்று தாம் உடுத்திய சேலையின் நிறம் பச்சையா நீலமா என்று கேட்டார். பச்சை என்றார் தந்தையார். நீலம் என்றார் அத்தை. மகள் உள்ளே புகுந்து, அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்னும்வரை அந்த வழக்கு தீரவில்லை. செவ்வாய்க்கிழமையைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். இடையில் ஒரே ஒரு முறை படம் உறைந்து நின்றது. அந்த நொடியில் தந்தையார் திரைக்குக் கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தார்.

அறுவை நன்றாகவே முடிந்தது. இணைப்பியின் வேடத்துக்கும் முடிவு கண்டோம். அடுத்த வாரம் பிள்ளை வந்து, ‘யு.எஸ்.பி. மோட்சுவிட்ச்’ என்னும் சிறு நிரலை, ‘1ஏ2பி’ என்ற எண்ணைக் கண்டவுடன் தானாகவே இயங்கும்படி விதியொன்று எழுதிவைத்தான். ஒற்றை வரிதான். அதன்பின் மின்சாரம் எத்தனை முறை போய் வந்தாலும் கணினி எழும்போதே நீலப்புள்ளியும் எழுகின்றது. திருப்பதிக் கடைக்காரரை அடுத்த கண் பரிசோதனை நாளில் சந்தித்து, லினக்ஸிலும் வேலை செய்கிறது, ஆனால் 6.2க்கு மேற்பட்ட கருநிரல் வேண்டும் என்று சொன்னோம். அவர் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, “சரிங்க சார்” என்றார். எழுதி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அத்தை அதன்பின் பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் திரையில் வந்தார். முதலில் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து, பிறகு கிள்ளானில் தம் வீட்டுக் கூடத்திலிருந்து, நாற்காலியில் சாய்ந்தபடி. சேலையின் நிறம் பற்றிய வழக்கு இரண்டு முறை மேல்முறையீட்டுக்கு வந்தது. பன்னிரண்டாம் ஞாயிறன்று அவர் மகள் மட்டும் வந்தாள். தந்தையார் முகத்தைச் சற்றே திருப்பி வைத்துக்கொண்டு, அவள் சொன்னதையெல்லாம் பார்த்திருந்தார். அழைப்பு முடிந்தபின், சன்னலில் கட்டிய கம்பியை அவிழ்க்கலாமா என்று மெல்லக் கேட்டோம்.

“இருக்கட்டும். அந்தப் பொண்ணு அடுத்த வாரமும் வரேன்னு சொல்லியிருக்கா” என்றார்.